எங்காளு நிஜமாத்தான் வாசிக்கிறாரா?

எங்கள் அத்தையின் காதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூமிக்கு அடியில் ஓர் எறும்பு தும்மினால் அது எந்தப் புற்று, வரிசையில் எத்தனையாவது எறும்பு, சளி பிடித்து எத்தனை நாள் என்று சொல்லிவிடக்கூடிய காது அது. நிலாவில் யாராவது நாற்காலியைத் தரையோடு இழுத்தால் இங்கே அத்தைக்குப் பல் கூசும். உலகத்தில் உள்ள மற்ற காதுகளை எல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டத்தான் படைத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கிறவர்கள் எங்கள் அப்பாவிடம் தவளைக் கதையைக் கேட்கலாம். ஒருநாள் காலையில் பழைய போன் ஒன்றில் தவளைச் சத்தத்தைப் போட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அப்பா கையில் துடைப்பத்தோடு மதியம் வரைக்கும் வேட்டையாடினார். கட்டிலைக்கூடப் புரட்டிப் போட்டுவிட்டார். அத்தை வேலை முடிந்து வந்தாள். வாசலில் ஒரு செருப்பைக் கழற்றினாள், இன்னொன்றைக் கழற்றவில்லை. அப்படியே நின்று கேட்டாள்.

“நாலு தடவ கத்துது, ஒரு தடவ நிறுத்துது, மறுபடி அதே நாலு. எந்தத் தவளையும் இவ்ளோ ஒழுங்கா கத்தாது. தம்பி, இது தவள இல்ல, உன் புள்ள.”

அன்றைக்கு வாங்கியதை இங்கே எழுத வேண்டியதில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். பஸ் டிப்போவில் எலெக்ட்ரீசியனாக இருக்கும் அப்பா. அவருடைய அக்காவான எங்கள் அத்தை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, ஒரு போன் ரிப்பேர் கடையில் உடைந்த கண்ணாடிகளை மாற்றிக்கொண்டிருக்கும் நான்.

அப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு அத்தை என்ன செய்கிறாள்? ஆஸ்பத்திரி பெட்ஷீட் தேய்க்கிறாள். ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளின் துணியெல்லாம் வந்து சேரும் பெரிய லாண்டரி அது. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குப் பத்து சலவை மெஷின்கள். இன்னொரு பக்கம் இஸ்திரி ரோலர். ஈர பெட்ஷீட்டின் இரண்டு முனைகளை இரண்டு பெண்கள் பிடித்து, இழுத்து, ஒரே நொடியில் ரோலரின் வாய்க்குள் விட வேண்டும். ஒருத்தி அரை நொடி முந்தினால் துணி கோணலாகப் போய்ச் சிக்கிக்கொள்ளும். அத்தைக்கு ஜோடியாக மறுமுனையில் நிற்பவளுக்குக் கொக்கு என்று பெயர். உயரத்தைப் பார்த்து லாண்டரியில் வைத்த பெயர். நான் வைக்கவில்லை, சத்தியம்.

பதினேழு வருடங்களுக்கு முன்னால், துணி ஏற்ற வரும் வேன் டிரைவர் ஒருவர் ஒரு சிடியை அங்கே மறந்துவிட்டுப் போனார். அதில் பாட்டு இல்லை, பேச்சு இல்லை, வெறும் தாளம். யாரோ ஒரு டிஜே ஒரு மணி நேரம் நிற்காமல் வாசித்தது. மற்றவர்கள் தலைவலி என்றார்கள். அத்தை மட்டும் ரோலரை நிறுத்திவிட்டுக் கேட்டாளாம். ஏனென்றால் அவள் தினமும் கேட்கிற சத்தம் அதில் இருந்தது. இரண்டு பெரிய மெஷின்கள் ஒன்றாகச் சுற்றும்போது அவற்றின் ‘தட் தட்’ ஒரு நிமிடம் சேர்ந்து போகும், பிறகு மெல்ல விலகிவிடும். அந்த சிடியிலும் இரண்டு தாளங்கள் சேர்ந்து போயின. ஆனால் விலகப் போகிற நேரத்தில் யாரோ ஒருவர் கையைப் பிடித்து இழுத்து மறுபடி சேர்த்துவைத்தார்.

அவரைத்தான் அத்தை அன்றிலிருந்து ‘எங்காளு’ என்கிறாள். இரண்டு இசைத்தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் சுற்றவிட்டு, ஒன்றின் தாளம் இன்னொன்றின் மேல் சரியாக உட்காரும்படி விரலால் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு நமக்கே தெரியாமல் நம்மைக் கூட்டிக்கொண்டு போவதுதான் அவருடைய தொழில். இப்போது அறுபது வயது தாண்டிவிட்டது. அத்தையும் கொக்கும் ஒயரை நீட்டி ஒட்டுப்போட்ட ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காது என்று மாட்டிக்கொண்டு, அதன் மேல் இரைச்சல் தடுப்பானைப் போட்டு சூப்பர்வைசருக்கு மறைத்து, பதினேழு வருடம் அவரைக் கேட்டுக்கொண்டே பெட்ஷீட் விட்டிருக்கிறார்கள்.

“இது பாட்டா? பக்கத்து வீட்ல ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு,” என்பார் அப்பா.

“ஆணி அடிக்கிறவனும் தாளத்துல அடிச்சாத்தான்டா விரல் தப்பும்,” என்பாள் அத்தை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, கொக்கு அவரை நேரில் பார்க்கும் வரைக்கும்.

கொக்கின் மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். அங்கே அவர் வாசித்த கச்சேரிக்கு அம்மாவைக் கூட்டிப் போயிருக்கிறான். கொக்கு திரும்பி வந்த அன்று நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். சமையலறையில் நின்றபடியே இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினாள். கை பரணைத் தொட்டது.

“இப்டித்தான்டி நிக்கிறான் உன் ஆளு! ரெண்டு கையும் மேல. ஆனா சத்தம் மாறுது. யாரு மாத்துறா? பேயா? தட்டு சும்மா சுத்துது. எல்லாம் கீழ ஒரு கம்ப்யூட்டர்ல முன்னாடியே பண்ணி வெச்சிருக்கான். பட்டன அமுக்கிட்டு அபிநயம் புடிக்கிறான்.”

“போடி. வயசானவரு, கை வலிக்கு தூக்கியிருப்பாரு.”

“கை வலிச்சா யாராச்சும் மேல தூக்குவாங்களா?”

மறுநாளிலிருந்து கொக்கு தன் பங்கு இயர்போனை வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு வாரத்தில் அத்தையும் மாட்டுவதை நிறுத்திவிட்டாள். அந்த மாதத்தில் மட்டும் ரோலரில் ஏழு பெட்ஷீட் சிக்கியதாம். அதற்கு முன்னால் வருடத்துக்கு ஒன்று சிக்கினால் அதிகம்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அவர் எங்கள் ஊருக்கே வருகிறார் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அப்பாவின் டிப்போவுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் பழைய பஸ் ஷெட்டில். நுழைவு இலவசம். பணத்தைச் சாக்குச் சொல்லித் தப்பிக்கவும் அத்தைக்கு வழியில்லை. ஞாயிறு அவளுக்கு வேலை நாள். ஷிஃப்டை மாற்றிக்கொள்வதாக இருந்தால் புதன்கிழமைக்குள் சூப்பர்வைசரிடம் சொல்லியாக வேண்டும்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “அத்த, போறோம்!” என்றேன்.

“நான் வரல.”

“பதினேழு வருஷம் அத்த!”

“அதனாலதான் வரல. பாக்காத வரைக்கும் எங்காளு எங்காளாவே இருப்பாரு. போய்ப் பாத்து, சும்மாதான் நிக்கிறாருன்னு தெரிஞ்சுட்டா? அப்புறம் எட்டு மணி நேரம் அந்த ரோலர் முன்னாடி நான் எதக் கேட்டுட்டு நிப்பேன்?”

வேறு வழியில்லாமல் விசாரணைக் கமிஷன் அமைத்தேன். தலைவர் அத்தை, செயலாளர் நான், எதிர்க்கட்சி அப்பா. அவருடைய நிகழ்ச்சிகளை ரசிகர்கள் எடுத்துப் போட்ட வீடியோக்களை மூன்று நாள் சாப்பாட்டு மேஜையில் ஓடவிட்டோம். வீடியோ எடுத்தவன் எல்லாம் குதித்துக்கொண்டே எடுத்திருக்கிறான். பாதி நேரம் கூரையும் யாருடைய முதுகுமாகத்தான் தெரிந்தது.

“அந்தாளு ஹெட்போன ஒரு காதுல வெக்கிறாரு பாருங்க! அடுத்த தட்ட சரி பாக்குறாரு!” என்றேன் நான்.

“நானும்தான் காதுல கை வெக்கிறேன்,” என்றார் அப்பா. “நான் டிஜேவா?”

“நீங்க வெக்கிறது அத்த திட்டும்போது.”

அத்தை திரையையே பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். “எல்லாம் சரியா இருக்கு,” என்றாள், ஏதோ கெட்ட செய்தி சொல்வதைப் போல.

“சரியா இருந்தா நல்லதுதான?”

“ஆனைக்கும் அடி சறுக்கும்டா. சறுக்கவே சறுக்காத ஆனை பொம்ம ஆனை. கையால பண்ணினா எங்கயாச்சும் ஒரு எடத்துல தாளம் நழுவணும். நழுவினத இழுத்துப் புடிக்கணும். பழைய சிடியில அப்டி ரெண்டு எடம் இருக்கு, எனக்கு மனப்பாடம். இந்த வீடியோவுல ஒண்ணு கூட இல்ல.”

கடைசி வீடியோவில் அந்தக் காட்சியும் வந்தது. இரண்டு கையும் மேலே. அதே நொடியில் சத்தம் அடியோடு மாறியது. கொக்கு சொன்னது அப்படியே. அத்தை போனைத் திருப்பி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். குழாய்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே மூன்று தட்டுதான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அத்தைக்கு வேண்டியது ஒரு தப்புதானே? தப்பு செய்வதில் நம்மை மிஞ்ச இந்த ஊரில் ஆள் உண்டா?

கடையில் மூடி கழன்ற கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. அதில் திரையிலேயே இரண்டு இசைத்தட்டு சுற்றும் ஓர் இலவச மென்பொருளை இறக்கினேன். அத்தையின் ஆள் வாசிக்கும் தட்டுகள் இரண்டை அதில் ஏற்றினேன். இரண்டையும் தானாக ஒட்டவைக்க ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் உயிரே போனாலும் தாளம் நழுவாது. அதை அணைத்துவிட்டுக் கையால் செய்து பார்த்தேன். அம்மாடி! இரண்டு குதிரைகளை ஒரே கயிற்றில் கட்டி ஓட்டுவது போல இருந்தது. ஒன்றை இழுத்தால் இன்னொன்று பாய்கிறது. மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதிலேயே போனது. ஒரு வழியாக இருபது நிமிடத்துக்கு ஒன்றைத் தேற்றினேன். அதில் ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, வேண்டுமென்றே தாளத்தை நழுவவிட்டு, மெல்ல மெல்லத் திருத்தினேன். கூட்டத்தின் சத்தத்துக்கு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாசலில் போய் நின்று பதிவு செய்துகொண்டேன். ஆயிரம் பேர் விடுதலை ஆகும்போது வரும் ஆரவாரம் எந்தக் கச்சேரியிலும் கிடைக்காது. அதை நன்றாக மழுங்கடித்துப் பின்னால் ஓடவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூச்சு வாங்க ஓடி வந்தது போல வீட்டுக்குள் நுழைந்தேன்.

“அத்த! கடைக்கு ஒரு போன் ரிப்பேருக்கு வந்துச்சு. அந்தண்ணன் போன மாசம் உங்காளு கச்சேரிக்குப் போயிருக்காரு. முன்னாடி வரிசையில நின்னு சத்தத்த மட்டும் எடுத்திருக்காரு. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு நிறைய இருந்தால் மறைக்கலாம் என்பது என் கட்சி.

அத்தை தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, பழைய இயர்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டாள். நான் எதிரே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஓடியது போல இருந்தது அந்த இருபது நிமிடம். அத்தையின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரல் மட்டும் முட்டியில் தட்டிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் அது நின்றது. பிறகு மறுபடி தட்டியது. முடிந்ததும் இயர்போனைச் சுற்றி டப்பாவில் வைத்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள்.

“நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடுறேன். கொக்கு மாத்திக்குவா.”

நான் எழுந்து குதித்ததில் கீழ் வீட்டுக்காரர் குச்சியால் கூரையைத் தட்டினார்.

ஆனால் வியாழக்கிழமை காலையிலேயே பயம் வந்துவிட்டது. நான் பாட்டுக்கு ஒரு பொய்யை வைத்து அவளைக் கிளப்பிவிட்டேன். கொக்கு சொன்னது உண்மையாக இருந்தால்? அந்தாள் உண்மையிலேயே பட்டனை அமுக்கிவிட்டு நின்றால்? வீட்டில் உட்கார்ந்து சந்தேகப்படுவது வேறு. கூட்டத்துக்கு நடுவில் நின்று கண்ணால் பார்ப்பது வேறு. ஞாயிறு வருவதற்குள் மூன்று தடவை உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் அத்தை புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே தாளத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாயை மூடிக்கொள்ளத்தான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஷெட்டில் கால் வைக்க இடமில்லை. பஸ்ஸுக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் பள்ளங்களைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். உயரத்தில் இருந்த கண்ணாடிகள் வழியாக வெயில் சாய்வாக இறங்கியது. அத்தை ரோலர் முன்னால் போடுகிற தட்டைச் செருப்பைத்தான் போட்டு வந்திருந்தாள். “எட்டு மணி நேரம் நிக்கிற செருப்பு. நாலு மணி நேரம் நிக்காதா?”

அவர் வந்தார். சின்ன உருவம். மாத்திரை வாங்க மருந்துக்கடைக்கு வந்தவரைப் போல இருந்தார். தன் பெட்டியைத் தானே தூக்கி வந்தார். ஒவ்வொரு தட்டையும் வெளியே எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அதில் இருப்பதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

முதல் தாளம் விழுந்தது. காதில் விழவில்லை, நேராக நெஞ்செலும்பில் விழுந்தது. ஷெட்டின் தகரமே அதிர்ந்தது. நான் அத்தையைப் பார்த்தேன். பதினேழு வருடமாக ஒரு சின்னப் பொத்தானுக்குள் கேட்ட ஒன்று, இப்போது அவளுடைய புடவைக் கொசுவத்தையே ஆட்டிக்கொண்டிருந்தது. அத்தை வாயைத் திறந்தபடி நின்றாள்.

அரை மணி நேரம் எல்லாம் சரியாகப் போனது. ரொம்பச் சரியாக. எனக்கு வேர்த்தது.

அப்போது அவர் இரண்டு கையையும் தூக்கினார். சத்தம் அடியோடு மாறியது.

அத்தை என் கையை உதறிவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனாள். பின்னாலேயே ஓடினேன். தடுப்புக் கம்பி வரைக்கும் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கைகளையே பார்த்தாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்றாவது தட்டு. அவர் மறுபடியும் கையைத் தூக்கினார், மறுபடியும் சத்தம் மாறியது. அத்தை சடாரென்று திரும்பி என் தோளில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

“தட்டுக்குள்ளயே இருக்குடா! அந்தப் பாட்டே அந்த எடத்துல மாறுது! அவர் மாத்தல. அந்த எடம் வரப்போகுதுன்னு அவருக்குத் தெரியும். வந்ததும் சந்தோஷம் தாங்காம கையத் தூக்குறாரு! நம்மள மாதிரி!” சிரிப்பில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்தக் கொக்கு இருக்காளே! கையப் பாத்தா, மூஞ்சியப் பாக்கல!”

சொல்லி வாய் மூடவில்லை, இரண்டு தாளங்களும் நழுவின. ‘தட் தட்’ என்று போனது ‘தடதட தடதட’ என்று படிக்கட்டில் உருளும் பித்தளைக் குடம் போல ஆகிவிட்டது. பக்கத்தில் நின்ற பையன்கள் முகம் சுளித்தார்கள். மேலே அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, குனிந்து, ஒரு தட்டின் விளிம்பில் ஒற்றை விரலை வைத்தார். தூங்குகிற குழந்தையின் கன்னத்தில் வைப்பது போல. ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு எண்ணுவதற்குள் இரண்டும் வந்து ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன.

“தப்பு!” என்று கத்தினாள் அத்தை. “தப்பு பண்ணிட்டாருடா எங்காளு! தப்பு!”

ஐம்பத்திரண்டு வயதில், தட்டைச் செருப்போடு, இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள். அவள் கத்தியது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். இந்தப் பக்கம் பார்த்து, பிடிபட்டவர் போல நெஞ்சில் கை வைத்தார். அத்தை போனை எடுத்து, லாண்டரியில் ரோலர் முன்னால் நிற்கும் கொக்குக்கு அடித்தாள். “கேளுடி! கேளு!” என்று போனை ஸ்பீக்கர் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் மனிதனுக்கு முதலில் கழன்று போவது புத்தி.

“நான் சொல்லல அத்த? அந்தண்ணன் போன்ல இருந்த மாதிரியேதான!”

“ஆமா,” என்றாள் அத்தை, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஆனா அதுல ஆறு தப்பு.”

“அஞ்சு அத்த.”

“ஆறு.”

“அஞ்சுதான். எனக்குத் தெரியாதா?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தை மெதுவாகத் திரும்பினாள். கோபம் எதுவும் இல்லை. தவளை பிடித்த அன்றைக்கு இருந்ததை விட மோசமான ஒரு சிரிப்பு இருந்தது.

“கேக்குறவனுக்குத் தப்பு வந்தப்புறம்தான்டா தெரியும். நீ ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நொடி முன்னாடியே மூச்சப் புடிச்ச. எதிர்லயே உக்காந்திருந்தியே, எனக்குக் கண்ணு இல்லயா? அஞ்சு தடவ புடிச்ச.” கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து என் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். “ஆறாவதுக்கு மட்டும் நீ பாட்டுக்கு மூச்சு விட்டுட்டு உக்காந்திருந்த. அது உனக்கே தெரியாம, நிஜமா கையால பண்ணும்போது நழுவுனது. அந்த ஒண்ணக் கேட்டுட்டுத்தான்டா நான் கிளம்பி வந்தேன்.”